ஆறாம் நம்பர் பேட்டரிக்குப் பொட்டு கிடையாது

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

வருகிற தை மாதத்திலிருந்து கேமராப் பையை நீங்கள் தூக்கப் போகிறீர்கள். நான் முப்பத்தொரு வயதில் கல்யாண போட்டோத் தொழிலிலிருந்து ஓய்வு பெறுகிறேன். சிரிக்காதீர்கள். இந்தத் தொழிலில் வயதை முகூர்த்தத்தால் அளக்க வேண்டும். அந்த அளவில் என் முழங்காலுக்கு அறுபது தாண்டிவிட்டது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே யாரையும் பார்த்து "தாடையைக் கொஞ்சம் எறக்குங்க" என்று சொல்ல வேண்டியிருக்காது.

லைட், லென்ஸ், ஆல்பம் எல்லாம் ஆறு மாதத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் பேட்டரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நம் ஸ்டூடியோவில் பக்தி, துரோகம், கோபம், சமாதானம் எல்லாமே பேட்டரியைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து இந்த இராசிபுரம் ஸ்டூடியோவில் சேர்ந்த முதல் வாரமே நான் செய்த காரியம், எட்டு கேமரா பேட்டரிக்கும் ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியது. பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். எந்த எண், எந்த நாள் சார்ஜ் ஏறியது, எத்தனை படம் தாங்கியது, சூடானதா. முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"பேட்டரிக்கெல்லாம் ரேஷன் கார்டு போட்டுட்டீங்களா அம்மிணி?"

"எது நல்லா ஒழைக்குதுன்னு தெரியோணுமில்லீங்ணா."

"அது தெரியறதுக்கு நோட்டு எதுக்கு? ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் ஒரிஜினல். அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் டூப்ளிகேட். முடிஞ்சுது."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் ஒன்பது வருடம் இன்னும் அமைதியாகப் போயிருக்கும். நான் விளக்கினேன். ஒன்று முதல் நாலு வரை கேமரா கம்பெனியே செய்தவை. ஐந்து முதல் எட்டு வரை வேறொரு கம்பெனி தன் பெயரைத் தானே போட்டு, கேமரா கம்பெனியின் பெயரை எங்கும் திருடாமல் விற்பவை. தன் பெயரில் விற்பதை டூப்ளிகேட் என்று சொல்லக் கூடாது. அடுத்தவன் பெயரைப் போட்டுக்கொண்டு வருவதுதான் டூப்ளிகேட். லாரிக்கு வேறு கம்பெனி டயர் மாட்டினால் அதை டூப்ளிகேட் லாரி என்று யாராவது சொல்வார்களா?

முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"டயரு வேற, பேட்டரி வேற அம்மிணி. டயரு வெடிச்சா டிரைவரோட போச்சு. பேட்டரி நின்னா நம்ம பேரு போயிரும்."

அதோடு விவாதம் முடிந்தது. ஒன்று முதல் நாலு வரை முகூர்த்தத்துக்கு மட்டும். மீதி நாட்களில் அவை சாமிப் படங்களுக்குக் கீழே, பூஜை அலமாரியின் இரண்டாம் தட்டில், வெல்வெட் துணி மேல் இருக்கும். ஐந்து முதல் எட்டு வரை எல்லா வேலைக்கும் போகும். வளைகாப்பு, காதுகுத்து, பாஸ்போர்ட் படம், கட்சிக்காரர் பிறந்தநாள், கோழிப்பண்ணைத் திறப்பு விழா. நோட்டின்படி ஒரே வருடத்தில் ஆறாம் நம்பர் உழைத்த உழைப்பை ஒரிஜினல் நாலும் சேர்ந்து உழைக்கவில்லை. இதையும் சொன்னேன். "உழைக்கறவன் உழைக்கறான், அதுக்காக மாப்பிள்ளைக்குப் பக்கத்துல ஒக்கார வைக்க முடியுங்களா?" என்றார். கல்யாண வீடுகளிலேயே வாழ்பவருக்கு உவமைக்குப் பஞ்சமே வராது.

ஆனால் வேறு கம்பெனி பேட்டரி என்றாலே நல்லது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நோட்டில் ஒன்பது என்று ஓர் எண் வரும், இரண்டு பக்கத்திலேயே அடித்திருப்பேன். அது எந்தக் கம்பெனியும் இல்லாதது. பெட்டியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாளே தவிர, செய்தவன் பெயர் எங்கும் இல்லை. ஒரிஜினலைத் தவிர வேறெதையும் நம்பாத நம் முதலாளிதான் அதை வாங்கி வந்தார். "சும்மா கெடக்கட்டும், காதுகுத்துக்கு ஆகும்" என்றார். எருமப்பட்டியில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தபோது கேமரா கொதிக்க ஆரம்பித்தது. மூடியைத் திறந்தால் பேட்டரி வெளியே வரவில்லை. உள்ளேயே வீங்கிப் போய், பூரி மாதிரி உட்கார்ந்திருந்தது.

தாய்மாமன் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். குழந்தையை மடியில் வைத்தபடியே யோசனை சொன்னார்.

"ஏனுங்கம்மிணி, ஓரமா ஒரு ஸ்க்ரூடிரைவர உட்டு நெம்புனா வந்துருமுங்க."

"நெம்பக் கூடாதுங்க. தீப்புடிச்சுக்கும்."

"வண்டீல ரெண்டாம் நம்பர் லீவர் இருக்குது, எடுத்தாரச் சொல்லட்டுங்களா?"

கேமராவை மண் தரையில் வைத்துவிட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். காது குத்துகிறவரும் தள்ளிப் போய்விட்டார். குழந்தை அன்றைக்கு அழாத ஒரே நேரம் அதுதான். பேட்டரி ஆறிய பிறகும் வரவில்லை. சர்வீஸ் சென்டரில்தான் எடுத்தார்கள். அன்று என் மனதில் ஒரு பயம் ஏறியது. சந்தேகம் வந்த பேட்டரியை ஒரு நொடிகூடக் கேமராவுக்குள் விடக் கூடாது. நல்ல பாடம்தான். ஆனால் நல்ல பாடத்தைத் தப்பான இடத்தில் ஒப்பித்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

அதற்கு முன்னால் நம் கேமராவின் குணம் ஒன்று தெரிய வேண்டும். நம் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் ஊர் பேர் கேட்ட கையோடு "எந்தக் கூட்டமுங்க?" என்று குலத்தையும் கேட்டுவிடுவார்கள். நம் கேமராவும் அப்படித்தான். பேட்டரியைப் போட்டதும் உள்ளே இருக்கும் சின்னத் தகடுகள் வழியாக அதனோடு பேசிப் பார்க்கும். பதில் பிடிக்கவில்லை என்றால் திரையில் கேள்வி வரும். இந்த பேட்டரியில் எங்கள் கம்பெனி முத்திரை இருக்கிறதா? ஆம் என்று அழுத்தினால் வேலை செய்யும். இல்லை என்று அழுத்தினால் அணைந்துவிடும். ஐந்து முதல் எட்டு வரை எதைப் போட்டாலும் இந்தக் கேள்வி வரும். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று அழுத்துவோம். பொய்தான். ஒரு வேலை நாளில் பத்துப் பொய்யாவது சொல்லியிருப்பேன். ஒன்று முதல் நாலு வரை எதற்கும் ஒருநாளும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

இனி நாமகிரிப்பேட்டைக் கல்யாணம்.

அது ஐப்பசி மாதம். அதுவரை நான் பெண் வீட்டு அறைக்குள் மருதாணி, வளையல், கண்ணாடி முன் திரும்பிப் பார்க்கும் மணப்பெண் என்று எடுத்துக்கொண்டிருந்தவள். மேடையில் மெயின் கேமரா எப்போதும் முதலாளி கையில்தான் இருக்கும். அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அவருக்குத் தோள்பட்டையில் பிடித்துக்கொண்டது. "இந்த ஒரு கல்யாணம் நீங்க மேடையேறுங்க அம்மிணி. நல்லா வந்துச்சுன்னா இனிமேல் மெயின் கேமரா உங்களுதுதான்" என்றார். நல்லா வரவில்லை என்றால் என்ன என்பதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், மருதாணிதான்.

முந்தின நாள் மண்டபத்தில் லைட் நிறுத்திக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அக்கா என்னைத் தேடி வந்தார். செல்வமணி என்று பெயர். மோகனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். கணவரோடு சேர்ந்து கோழித் தீவன மில் நடத்துகிறவர். பெரிய குரல்.

"நீதான் போட்டோ புடிக்கற புள்ளையா?"

"ஆமாங்க."

"நாளைக்குக் காலைல எனக்கு இணைச்சீரு இருக்குது. அது ஒண்ணு நல்லா வந்துரோணும் கண்ணு. மத்தது எப்படி வேணா எடு, நான் கேக்க மாட்டேன்."

இணைச்சீர் தெரியாதவர்களுக்கு: நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையின் அக்காவுக்கோ தங்கைக்கோ செய்யும் சீர். கூறைச் சேலையின் ஒரு முனை தம்பியிடம், மறுமுனை அக்காவிடம். அண்ணன் தம்பியோடு பிறந்தவளுக்கு அந்த மேடையில் உள்ள உரிமையை ஊர் அறியச் சொல்வது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

"ஏனுங்க, தாலி கட்டறதவிட அதுதான் முக்கியங்களா?"

"தாலி கட்டறது அவுங்களுக்கு முக்கியம். எனக்கு இதுதான். எங்கல்யாணத்துல போட்டோக்காரன் முக்காவாசி சோத்துப் பந்தலத்தான் புடிச்சான். தாலி கட்டற நேரத்துக்குக் கேமரா நின்னுபோச்சுன்னுட்டான். எங்கூட்டு ஆல்பத்துல நான் எங்க இருக்கேன்னு கேக்கறவுங்களுக்கு, அந்தா பாருங்க, அந்த ஆளு முதுகுக்குப் பின்னால தெரியுது பாருங்க மாலை, அதுதான் நானுன்னு காட்டிக்கிட்டிருக்கேன். எனக்கு ஒரே தம்பி. இன்னொரு இணைச்சீரு வராது. ஊட்டு ஆசாரத்துல ஆணி அடிச்சே வச்சுட்டு வந்திருக்கேன்."

முன்கூடத்துச் சுவரில் காத்திருந்த அந்த ஆணிக்கு நான் வாக்குக் கொடுத்தேன்.

காலையில் மண்டபம் நிறைந்தது. முதலாளி தோளில் பட்டியோடு முன்வரிசையில் அமர்ந்தார். என் பையில் ஒன்று முதல் நாலு வரை மட்டும். அது அவர் சட்டம்: முகூர்த்தப் பைக்குள் டூப்ளிகேட் நுழையக் கூடாது. ஐந்து முதல் எட்டு வரை வீடியோ எடுக்கும் அந்தோணி அண்ணனிடம் இருந்தன. ஆத்தூர்க்காரர், எதையும் சத்தமில்லாமல் செய்பவர். சத்தம் போட வேண்டிய நேரத்திலும்.

சீர் செய்து வைக்கும் பெரியவர் சேலை முனைகளை இருவர் கையிலும் கொடுத்தார். செல்வமணி அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மணப்பெண்ணை அறையில் எடுத்த படங்களிலேயே முதல் பேட்டரி தீர்ந்திருந்தது. இரண்டாம் நம்பரைப் போட்டேன். திரையில் எழுத்து வந்தது.

இந்த பேட்டரியில் எங்கள் கம்பெனி முத்திரை இருக்கிறதா?

ஒரிஜினலைப் பார்த்து, முதல் தடவையாக, அந்தக் கேள்வி.

அந்த ஒரு நொடியில் என் படிப்பு முழுவதும் தலைக்குள் ஓடியது. ஒரிஜினல் என்றால் கேள்வி வராது. கேள்வி வந்தால் ஒரிஜினல் இல்லை. ஒரிஜினல் இல்லாமல் ஒரிஜினல் பெயரில் இருந்தால் போலி. போலி என்றால் எருமப்பட்டி. இல்லை என்று அழுத்தினேன். கேமரா அணைந்தது. மூன்றாம் நம்பர். அதே கேள்வி. இல்லை. நாலாம் நம்பர். அதே கேள்வி. இல்லை.

வரிசைப்படி யோசிக்கிறவர்கள் செய்யும் தப்பு இதுதான். ஒவ்வொரு படியும் சரியாக இருக்கும். படிக்கட்டு மட்டும் கிணற்றுக்குள் போகும்.

மேடையில் கேமரா கண்ணில் வைக்கப்படவில்லை என்பதை முதலில் கவனித்தது முதலாளி.

"என்னாச்சு அம்மிணி?"

"ஒரிஜினல் மூணும் போலிங்ணா!"

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. இதைவிட மோசமான இடத்தில் இதைவிட மோசமான வாக்கியத்தை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

"மெதுவாப் பேசுங்க! டூப்ளிகேட்டப் போட்றாதீங்க, நான் வாரேன்" என்று எழுந்தவர் தோள் வலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் சீரை முடித்துச் சேலையை வாங்கக் கை நீட்டினார். செல்வமணி அக்கா கொடுக்கவில்லை.

"நில்லுங்க. போட்டோ புடிக்கல."

"அம்மிணி, முகூர்த்தத்துக்கு நேரமாகுது."

"ஆகட்டும். எம் முனைய நான் உட மாட்டேன்."

சுற்றி நூறு செல்போன்கள் உயர்ந்தன. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் சமாதானம் பேசினார்.

"அதான் இத்தன பேரு செல்லுல எடுக்கறாங்களே, செல்வமணி. வீடியோ வேற ஓடுது."

"செல்லுல எடுத்தா அடுத்தவன் செல்லுதான் தெரியும் சித்தப்பா. வீடியோவ ஆணில மாட்ட முடியுமா?"

"தாலி கட்டோணுமா வேண்டாமா?"

"என்ற தம்பி கட்டுவான். இந்த முனை எங்கையில இருக்கற வரைக்கும் அவன் எங்கயும் போக முடியாது."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அக்கா அவரையும் ஒரு முறை முறைத்தார். பெண் வீட்டாரில் ஒரு முதியவர், "இப்பவே இப்படின்னா நாத்தனாரா வந்தா எப்படியோ" என்றது மைக்கில் தெளிவாகக் கேட்டது.

நான் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மேடையின் மறுபக்கம் அந்தோணி அண்ணன் வீடியோவை நிறுத்தாமலே இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருந்தாரோ. ஆறாம் நம்பர்.

முன்வரிசையைப் பார்த்தேன். முதலாளி வேண்டாம் என்று தலையாட்டினார். மெயின் கேமரா அந்தத் தலையாட்டலில்தான் இருந்தது. போட்டேன்.

இந்த பேட்டரியில் எங்கள் கம்பெனி முத்திரை இருக்கிறதா?

ஆம்.

நான் கேமராவைத் தூக்கியபோது அக்கா சித்தப்பாவைப் பார்த்துக் கடைசிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சேலை முனை நெஞ்சோடு இறுக்கியிருந்தது. தம்பி பக்கத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். பெரியவர் கை இன்னும் நீட்டியபடி இருந்தது. நான் "இங்க பாருங்க" என்று சொல்லவில்லை. எடுத்தேன். பிறகு அவர் திரும்பி, முறையாகச் சிரித்து நின்றதையும் எடுத்தேன். முகூர்த்தம் ஆறாம் நம்பரிலேயே முடிந்தது. சாப்பாட்டுப் பந்தி வரை அதுவே தாங்கியது.

பந்தியில் யாரோ கேட்டபோது முதலாளி, "நாங்க முகூர்த்தத்துக்கு ஒரிஜினல் பேட்டரிதானுங்க போடுவோம், அதுனாலதான் தப்பிச்சோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டூடியோவுக்கு வந்ததும் அவர் கோபம் திசை மாறியது. போலியை ஒரிஜினல் என்று விற்ற சேலத்துக் கடைக்காரரைச் சும்மா விடுவதில்லை. நான் அறிக்கை எழுதினேன். இந்த மூன்று பேட்டரியும் ஏன் போலி என்பதற்கு ஏழு காரணங்கள், எண் போட்டு, அடிக்கோடிட்டு. எழுத்தின் அழுத்தம் சரியில்லை. எடையில் வித்தியாசம். கம்பெனியின் ஹாலோகிராம் வில்லை அளவுக்கு மீறிப் பளபளக்கிறது. இப்படிப் போகும். அதற்கு முந்தின வருடம் வேறொரு ஸ்டூடியோவில் உண்மையான போலி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தேன். பார்த்ததையெல்லாம் இதிலும் கண்டுபிடித்தேன். போலி என்று முடிவு கட்டிவிட்டால் எதையும் கண்டுபிடிக்கலாம்.

கடைக்காரர் அறுபது வயது இருப்பவர். முதலாளி போட்ட சத்தத்தை முழுவதும் கேட்டார். என் அறிக்கையையும் முழுவதும் படித்தார். பிறகு பேட்டரியை எடுத்து, கையோடு கைக்குட்டையால் முனையை ஒரு துடைப்புத் துடைத்து, கடையில் இருந்த கேமராவில் போட்டார். எந்தக் கேள்வியும் வரவில்லை. அடுத்ததையும் துடைத்துப் போட்டார். வரவில்லை. மூன்றாவதைத் துடைக்காமல் மூக்கருகே கொண்டு போனார்.

"அம்மிணி, ஏழு காரணம் நல்லா எழுதியிருக்கீங்க. எட்டாவது மணக்குதுங்களே."

சந்தனம்.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் ஆயுத பூஜை. ட்ரைபாட், லைட், பிரிண்டர், ஸ்டூடியோ ஸ்டூல் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. "பேட்டரிக்கும் வையுங்க. ஒரிஜினலுக்கு மட்டும். டூப்ளிகேட்டுக்கு எதுக்குப் பொட்டு?" என்றார் முதலாளி. பேட்டரியின் அகலமான பக்கத்தில் என் எண் ஸ்டிக்கர் இருந்தது. ஸ்டிக்கர் மேல் சந்தனம் பட்டால் எண் அழிந்துவிடும் என்று, ஒழுங்கு தெரிந்தவள் ஆயிற்றே, நாலையும் திருப்பி முனைப் பக்கத்தில் வைத்தேன். தகடுகள் இருக்கும் பக்கம். நன்றாகக் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம், நாலுக்கும் ஒரே அளவு. வேலைக்குப் போகும் முன் மேலாகத் துடைத்தோம். ஓரத்தில் மின்சாரம் போகும் தகடுகள் துலங்கிவிட்டன. நடுவில் கேமராவோடு பேசும் தகட்டின் பள்ளத்தில் மட்டும் சந்தனம் காய்ந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்றாம் நம்பர் மட்டும் பூஜைக்குப் பிறகு சார்ஜரில் ஏறி இறங்கியதில் உரசித் தப்பித்திருக்கிறது. பூஜைக்கு முன்பே சார்ஜ் ஏறியிருந்த மற்ற மூன்றும் வாய் அடைத்துப் போய்விட்டன. மின்சாரம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. நான் ஆம் என்று அழுத்தியிருந்தால் ஒரிஜினலே வேலை செய்திருக்கும்.

ஆக, தினமும் பொய் சொல்லிப் பழகிய விரல், உண்மை சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் தெளிவாகப் பொய் சொல்லிவிட்டது. மரியாதை கிடைத்த மூன்றும் மேடையில் நின்றுபோயின. மரியாதை கிடைக்காத ஒன்று கல்யாணத்தை முடித்து வைத்தது.

திரும்பும்போது பஸ் மல்லூர் தாண்டியதும் முதலாளி, "சந்தனம் நீங்கதான வச்சீங்க?" என்றார்.

"ஆமாங்ணா. வைக்கச் சொன்னது நீங்க."

"எங்க வைக்கறதுன்னு நான் சொல்லல."

"எதுக்கு வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்ளே, அதுனாலதான் ஆறாம் நம்பரு தப்பிச்சுது."

இராசிபுரம் வரும் வரை அவர் ஜன்னல் வழியாக மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். மெயின் கேமராவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆல்பம் பார்க்க செல்வமணி அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் கோயில் குங்குமப் பொட்டலம். வழியில் சாமி கும்பிட்டுவிட்டு வந்திருந்தார். முதலாளி முன்கூட்டியே ஏற்பாடு செய்து, முறையாகச் சிரித்து நின்ற படத்தைப் பெரிதாக்கி முதலில் காட்டினார். அக்கா பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். புரட்டினார். அடுத்த பக்கத்தில் நின்றுவிட்டார்.

சேலை முனை நெஞ்சில். வாய் முழுவதும் திறந்திருக்கிறது. கண் சித்தப்பா பக்கம். பின்னால் செல்போன் காடு.

"அது தப்பா வந்துருச்சுங்க" என்றார் முதலாளி அவசரமாக. "கம்ப்யூட்டர்ல வாய மூடி வச்சுறலாம். இப்பெல்லாம் ஒரு நிமிச வேலைங்க."

"யாரு வாய?"

முதலாளி அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார்.

"எங்கல்யாணத்துல நான் வாயே தொறக்கல. அதான் மூஞ்சியும் வரல" என்றார் அக்கா. "இத ஒரு துளி மாத்தாம அப்படியே பெருசாப் போடுங்க. ஆசாரத்துல இதான் தொங்கோணும். எங்கூட்டுக்காரரு தினமும் காத்தால பாத்துட்டுப் போகட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நின்னுபோச்சே, அப்பறம் எதைப் போட்டு எடுத்த கண்ணு?"

நான் பையின் இடது அறையிலிருந்து ஆறாம் நம்பரை எடுத்துக் காட்டினேன். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தார். விரலில் எடுத்தார். பேட்டரியைத் திருப்பினார்.

"வேண்டாங்க்கா!"

ஒன்பது வருடத்தில் வாடிக்கையாளரிடம் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். பேட்டரியைப் பிடுங்கியே விட்டேன். அந்தோணி அண்ணன் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம் புள்ள, பொட்டு வச்சா ஆகாதா?"

"ஆகாதுங்க. இதுக்கு மட்டும் ஆகாது."

"அப்ப எடுத்த குங்குமத்த எங்க வைக்கறது? திரும்பக் கொட்ட முடியுமா?" விரல் நீட்டியபடியே நின்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் நெற்றியில் வைத்தார். அழுத்தியே வைத்தார், பேட்டரிக்கு வைத்திருந்தால் நிச்சயம் பாழாகியிருக்கும். "எடுத்தது நீதான. நீயே வச்சுக்கோ."

முதலாளி எழுந்து கண்ணாடி அலமாரியைத் திறந்தார். பெரிய கேமராவை எடுத்து, வலிக்காத தோளால் தூக்கிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "வர்ற முகூர்த்தத்துக்குப் பேட்டரி எது எதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்கங்க அம்மிணி. பூஜை அலமாரிச் சாவி தேவைன்னா கேளுங்க" என்றார். நான் சாவியைக் கேட்கவில்லை, சேலத்திலிருந்து திரும்பிய நாள் முதல் ஒரிஜினல் நாலும் என் பையில்தான் இருந்தன. அந்த நாலையும் மற்றவற்றோடு சேர்த்து, அன்று முதல் இன்று வரை நோட்டின் வரிசைப்படி வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஆறாம் நம்பர் தன் நல்ல காலத்தில் உழைத்த அளவுக்கு இப்போது அவையும் உழைக்கின்றன. சார்ஜ் ஏறாமல் அலமாரியில் கிடந்த காலத்தில் கொஞ்சம் சோர்ந்துபோயிருந்தன, அவ்வளவுதான்.

உங்களிடம் ஒப்படைப்பவை: நோட்டு ஒன்று. ஒரு பல் துலக்கும் பிரஷ், பேட்டரித் தகடு துடைக்க மட்டும். என் ஏழு காரண அறிக்கை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு விஷயம் மிகத் தெளிவாகத் தெரிகிறது என்று தோன்றும்போது எடுத்துப் படியுங்கள். ஆறாம் நம்பர் இப்போது பாதிப் படம்தான் தாங்குகிறது. முகூர்த்தத்துக்கு எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் படத்துக்கு ஆகும். ஆயுத பூஜை அன்று பொட்டு வைக்க முதலாளி அதைக் கேட்பார், வருடா வருடம் கேட்கிறார். அந்தோணி அண்ணன் சட்டைப் பையில் இருக்கிறது, வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.